ஜிஞ்சர்பிரெட் வீடு கட்டலாம் வாங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள பேர்கன் நகரில் இருக்கிறேன். நவம்பர் பிறந்துவிட்டால் இங்கே எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் பட்டையும் கிராம்பும் மணக்கும். ஜிஞ்சர்பிரெட்டை நார்வேஜியர்கள் பெப்பர்காக்கெ என்பார்கள். அதைச் சுட்டு, சுவர் நிறுத்தி, கூரை போட்டு, வெள்ளைச் சர்க்கரையால் பனி பெய்ய வைத்து ஒரு குட்டி வீடு கட்டுவது கிறிஸ்துமஸ் காலத்தின் பெரிய வேலை. நானும் பிள்ளைகளும் ஒவ்வோர் ஆண்டும் கட்டுகிறோம். படம் அனுப்பியதும் நாகர்கோவிலிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சொந்தக்காரர்களும் சிநேகிதிகளும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவிடுகிறேன்.

ஜிஞ்சர்பிரெட் என்பது ரொட்டியா, கேக்கா, பிஸ்கட்டா?

பெயரில் 'பிரெட்' இருந்தாலும் ரொட்டி இல்லை. ஊருக்கு ஊர் வேறுபடும். இங்கிலாந்தில் அந்தப் பெயரில் மெத்தென்ற கேக்கும் உண்டு. ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்து லெப்குகென் மென்மையானது, கொட்டைப் பருப்பு நிறைந்தது. அதன் உயர்ந்த வகையான எலிசன் லெப்குகெனில் குறைந்தது 25 சதவீதம் பருப்பு இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சாப்பிட அபாரமாக இருக்கும், ஆனால் அதை வைத்துச் சுவர் எழுப்ப முடியாது. வீட்டுக்கு வேண்டியது மெல்லிய, கடினமான, மொறுமொறுப்பான பிஸ்கட். நார்வே, ஸ்வீடன் பக்கம் செய்யும் பெப்பர்காக்கெ அந்த வகை.

இதில் உண்மையிலேயே இஞ்சி உண்டா?

உண்டு, ஆனால் சுக்காக. பச்சை இஞ்சி போட்டால் மாவில் ஈரம் ஏறும், அதோடு அந்த ஆழமான காரமும் வராது. கூடவே பட்டை, கிராம்பு, சில வீடுகளில் ஏலக்காய், ஜாதிக்காய். பெப்பர்காக்கெ என்ற பெயருக்கு மிளகு கேக் என்றுதான் பொருள். வாசனைப் பொருள்கள் எல்லாவற்றையும் மிளகு என்றே சொன்ன பழைய வழக்கத்தின் மிச்சம் அது. ஆனாலும் பலர் நிஜ மிளகையும் ஒரு சிட்டிகை போடுகிறார்கள். நானும் போடுவேன்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி இங்கே இருக்கிறது. ஆங்கிலத்து 'ஜிஞ்சர்', நார்வேஜியத்து 'இங்கெஃபேர்' எல்லாம் லத்தீன், கிரேக்கம் வழியாகப் பின்னோக்கிப் போனால் பாலி மொழியின் 'சிங்கிவேர' என்ற சொல்லில் போய் நிற்கும். அந்தச் சொல் நம் 'இஞ்சி வேர்' போன்ற ஒரு திராவிடச் சொல்லிலிருந்து பிறந்தது என்று மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். மலபார் கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிய இஞ்சியும் மிளகும் பட்டையும்தான் ஐரோப்பியச் சந்தைகளை மணக்க வைத்தன. அதனால் சுக்குப்பொடி டப்பாவைத் திறக்கும்போது எனக்கு இது அந்நியப் பலகாரமாகவே தோன்றுவதில்லை.

வீடு கட்டும் பழக்கம் எங்கே தொடங்கியது?

ஜெர்மனியில். நூரம்பெர்க் இதற்குப் பேர்போன ஊர். பக்கத்துக் காட்டில் தேன் கிடைத்தது, வெனிஸிலிருந்து வரும் வணிகப் பாதையில் வாசனைப் பொருள்கள் வந்து சேர்ந்தன. லெப்குகென் சுடுபவர்களுக்கென்று 1643-இலேயே அங்கே தனிச் சங்கம் இருந்தது. இன்று 'நூரம்பெர்க் லெப்குகென்' என்ற பெயர் நம் திருநெல்வேலி அல்வா, மணப்பாறை முறுக்கு போல ஊரோடு ஒட்டிய பெயர். ஐரோப்பிய ஒன்றியம் 1996-இல் அதற்குப் புவிசார் பாதுகாப்பும் கொடுத்தது.

வீடாக உருவெடுத்ததில் கிரிம் சகோதரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1812-இல் அவர்கள் வெளியிட்ட கதைத் தொகுப்பில் ஹென்சல், கிரேட்டல் என்ற அண்ணன் தங்கை காட்டில் வழி தவறி ஒரு சூனியக்காரியின் வீட்டைக் காண்கிறார்கள். அந்தக் கதையில் சுவர் ரொட்டி, கூரை கேக், ஜன்னல் சர்க்கரை. கதை பரவப் பரவ, வீடும் ஜிஞ்சர்பிரெட் வீடாக மக்கள் மனத்தில் பதிந்தது, ஜெர்மன் வீடுகளிலும் பேக்கரிகளிலும் கட்டத் தொடங்கினார்கள். ஜெர்மானியர்கள் பலர் இன்னும் இதைச் சூனியக்காரி வீடு என்றே அழைக்கிறார்கள்.

ஒரே நாளில் கட்டி முடிக்க முடியுமா?

முடியும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். நான் பார்த்தவரை விழுந்த வீடுகளில் பெரும்பாலானவை அவசரத்தால் விழுந்தவை. எங்கள் முதல் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மாவு பிசைந்து, மதியம் சுட்டு, சாயங்காலம் கூரை போட்டு, உடனே அதன்மேல் மிட்டாய்களையும் அடுக்கினோம். ராத்திரி பதினொரு மணிக்குக் கூரை சறுக்கி விழுந்த சத்தம் கேட்டது. காலையில் மகள் எழுந்து அதைப் பார்த்து அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. மாவு, பிஸ்கட், ஒட்டவும் அலங்கரிக்கவும் சர்க்கரையில் செய்யும் வெள்ளைப் பசையான ஐசிங் மூன்றுக்கும் காய்ந்து இறுக நேரம் வேண்டும். அந்த நேரத்தை நாம் குறைக்க முடியாது.

இப்போது நாலு சாயங்காலங்களாகப் பிரித்துக்கொள்கிறோம். முதல் நாள் மாவு. இரண்டாம் நாள் சுடுவது. மூன்றாம் நாள் சுவர்களில் கோலம் போட்டு, காய்ந்ததும் நிறுத்துவது. நாலாம் நாள் கூரையும் கனமில்லாத மற்ற அலங்காரமும். காயும் நேரத்தைத் தவிர்த்தால் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனால் இரண்டு. பிள்ளைகளுக்கும் அலுப்புத் தட்டாது.

மாவுக்கு என்ன அளவு?

ஒரு நடுத்தர வீட்டுக்கும், மிச்சத்தில் நாலைந்து மரத்துக்கும் ஒரு தட்டு பிஸ்கட்டுக்கும் போதுமான அளவைச் சொல்கிறேன். வெண்ணெய் 150 கிராம், சர்க்கரை 170 கிராம், கருநிறப் பாகு 140 கிராம், பால் அல்லது கிரீம் 100 மில்லி, மைதா 500 கிராம், சுக்குப்பொடி 2 டீஸ்பூன், பட்டைப்பொடி 2 டீஸ்பூன், கிராம்புப்பொடி 1 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, சமையல் சோடா கால் டீஸ்பூன்.

வெண்ணெய், சர்க்கரை, பாகு மூன்றையும் சிறு தீயில் வைத்துச் சர்க்கரை கரையும்வரை கிளறுங்கள், கொதிக்க வேண்டியதில்லை. இறக்கி, பாலை ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மைதாவையும் பொடிகளையும் சேர்த்துப் பிசையுங்கள். சூடாக இருக்கும்போது மாவு தளர்வாக, கையில் ஒட்டுவதாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் மைதா கொட்டிவிடாதீர்கள். நன்றாகப் பொதிந்து ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் வெண்ணெய் இறுகி, மைதா ஈரத்தை உறிஞ்சி, மறுநாள் களிமண் போலச் சொன்னபடி கேட்கும். அப்போதும் ஒட்டினால் மட்டும் கொஞ்சம் மைதா சேருங்கள்.

அந்தப் பாகு எங்கள் ஊரில் கிடைக்காதே?

இங்கே கடையில் கிடைப்பது சர்க்கரை ஆலையின் கருநிறப் பாகு. நம் ஊரில் கருப்பட்டி இருக்கும்போது அதைத் தேடி அலைய வேண்டாம். 150 கிராம் கருப்பட்டியை அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, விரலில் தொட்டால் பிசுபிசுக்கும்வரை காய்ச்சுங்கள். ஒற்றைக் கம்பிப் பதம் வரை போக வேண்டாம். அளந்து 140 கிராம் எடுத்துக்கொள்ளலாம். சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊருக்குப் போனபோது ஒருமுறை அப்படிச் செய்து பார்த்தேன். இங்கத்தியப் பாகில் செய்ததைவிட அதன் ருசி எனக்குப் பிடித்திருந்தது. வெல்லமும் ஆகும். தேனில் செய்தால் மணமாக இருக்கும், ஆனால் தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடலோர ஊர்களில் சுவர் சீக்கிரம் நமுத்துப் போகும்.

முட்டை வேண்டாமா?

இந்த மாவுக்கு வேண்டாம்.

சுட்டதும் சுவர் கோணலாகிவிடுகிறது. என்ன செய்வது?

மூன்று காரணங்கள் இருக்கும். ஒன்று, சோடா அதிகம். சாப்பிடும் பிஸ்கட்டுக்கு ஒரு டீஸ்பூன் போடுவார்கள். வீட்டுக்குக் கால் டீஸ்பூன் தாராளம், இல்லாமலும் செய்யலாம். மாவு உப்பினால் ஓரம் வளைந்துவிடும்.

இரண்டாவது, வெட்டிய துண்டைக் கையில் தூக்கித் தட்டுக்கு மாற்றுவது. தூக்கினாலே இழுபடும். பேக்கிங் தாளின் மேலேயே மாவைத் தேய்த்து, அங்கேயே வெட்டி, சுற்றியுள்ள மிச்ச மாவை மட்டும் உரித்தெடுத்துவிட்டு, தாளோடு தட்டில் நகர்த்துங்கள். அதே தட்டைப் பதினைந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுச் சுட்டால் விளிம்பு இன்னும் கூர்மையாக நிற்கும்.

மூன்றாவது, சுட்டபின் ஓரங்களை வெட்டாமல் விடுவது. எப்படிச் செய்தாலும் மாவு ஓரிரு மில்லிமீட்டர் பரவத்தான் செய்யும். ஓவனிலிருந்து எடுத்த உடனே, சூடு ஆறுவதற்குள், அட்டை மாதிரியை மேலே வைத்துக் கூரான கத்தியால் சுற்றிலும் நறுக்குங்கள். அப்போது வெண்ணெய்போல வெட்டும். இரண்டு நிமிடம் தாமதித்தால் நொறுங்கும். வேறு எதை விட்டாலும் இந்த ஒன்றை விடாதீர்கள். நேரான விளிம்பு இருந்தால்தான் சுவரும் சுவரும் முழு நீளத்துக்கும் ஒட்டும்.

அளவும் வரைபடமும் சொல்லுங்களேன்.

பழைய காலண்டர் அட்டையில் வெட்டிக்கொள்ளலாம். பக்கச் சுவர்: 15 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், இரண்டு. முகப்பும் பின்புறமும்: அகலம் 12, ஓரத்தில் உயரம் 10, நடு உச்சி 18, இரண்டு. கூரை: 18-க்கு 12, இரண்டு.

முகப்பின் பாதி அகலம் 6, உச்சி ஓரத்தைவிட 8 உயரம். பள்ளியில் படித்த பிதாகரஸ் இங்கே உதவுகிறார்: சரிவு சரியாக 10 வரும். கூரைக்கு 12 எடுத்தால் கீழே இரண்டு சென்டிமீட்டர் தாழ்வாரம் கிடைக்கும். என் மகன் அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டது அடுக்களை மேசையில் இந்த அட்டையை வெட்டும்போதுதான்.

மாவு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். அரை சென்டிமீட்டர் போதும். பூரிக்கட்டையின் இரண்டு பக்கமும் அதே கனமுள்ள இரண்டு குச்சிகளை வைத்து அதன்மேல் உருட்டினால் தானாகவே சமமாக வரும். முகப்பில் கதவுக்கு 4-க்கு 6, ஜன்னல்களுக்கு 3-க்கு 3 வெட்டுங்கள். பின்சுவரில் விளக்கு நுழைக்க ஒரு ஓட்டை. புகைபோக்கியை முதல் வருடம் விட்டுவிடலாம்.

முதலில் அட்டைத் துண்டுகளையே செலோடேப்பால் ஒட்டி நிறுத்திப் பாருங்கள். அட்டையில் பொருந்தாதது பிஸ்கட்டிலும் பொருந்தாது.

எவ்வளவு நேரம் சுட வேண்டும்? ஓ.டி.ஜி. என்னும் சின்ன மின் ஓவன் போதுமா?

175 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம். ஓ.டி.ஜி. தாராளமாகப் போதும். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு துண்டுகள்தான் நுழையும், அவ்வளவே. சிறிய துண்டையும் பெரிய துண்டையும் ஒரே தட்டில் வைத்தால் சிறியது கருகிவிடும், பிரித்துச் சுடுங்கள். மாவு ஏற்கெனவே பழுப்பு நிறம் என்பதால் நிறம் பார்த்து வெந்ததா என்று சொல்வது கடினம். நடுவில் விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் இருக்க வேண்டும், ஓரம் லேசாகக் கருத்திருக்க வேண்டும். சாப்பிடும் பிஸ்கட்டைவிட ஒரு நிமிடம் கூடுதலாகவே விடுங்கள். ஆறியபின் கையில் எடுத்தால் வளையக் கூடாது. வளைந்தால் 120 டிகிரியில் மறுபடி பதினைந்து நிமிடம் காய வைக்கலாம். அதன்பிறகு ஓர் இரவு கம்பி வலைமேல் திறந்து வையுங்கள். மழைக்கால ஈரக் காற்று உள்ள ஊரென்றால் ஆறியதும் காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள்.

ஓவனே இல்லாதவர்கள் என்ன செய்யலாம்?

கடையில் வாங்கும் நீள்சதுரப் பிஸ்கட்டுகளை ஐசிங்கால் ஒட்டிக் குட்டி வீடு கட்டலாம். சின்னக் குழந்தைகளுக்கு அதுவே பெரிய மகிழ்ச்சி.

ஒட்டுவதற்கு ராயல் ஐசிங்கா, உருக்கிய சர்க்கரையா?

ஸ்கேண்டிநேவிய வீடுகளில் சர்க்கரையை உருக்கி ஒட்டும் வழக்கம் பரவலாக உண்டு. அகலமான வாணலியில் வெறும் சர்க்கரையை உருக்கி, சுவரின் ஓரத்தை அதில் தோய்த்து, உடனே வைத்து அழுத்துவார்கள். சில நொடிகளில் கல்போல் இறுகிவிடும். கை தேர்ந்தவர்களுக்கு அரை மணி நேரத்தில் வீடு நின்றுவிடும்.

ஆனால் உருகிய சர்க்கரையின் சூடு 160 டிகிரிக்கு மேல், கொதிக்கும் தண்ணீரைவிடப் பல மடங்கு கொடுமையானது. தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அந்த வேலையே வேண்டாம். பெரியவர்கள் செய்தாலும் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் அருகில் இருக்கட்டும். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு சங்கடமும் உண்டு: கோணலாக வைத்துவிட்டால் திருத்த நேரம் இருக்காது. ஈரமான ஊரில் அந்தச் சர்க்கரை நாலு நாளில் கசியவும் தொடங்கும்.

என் ஓட்டு ராயல் ஐசிங்குக்கு. மெதுவாகக் காயும், அந்த மெதுவே நமக்கு நல்லது.

ராயல் ஐசிங் எப்படிச் செய்வது? பச்சை முட்டைக்குப் பயமாக இருக்கிறதே?

ஒரு முட்டையின் வெள்ளைக்கருவுக்கு 200 முதல் 225 கிராம் சலித்த ஐசிங் சுகர் (மாவுபோலப் பொடித்த சர்க்கரை), நாலு துளி எலுமிச்சைச் சாறு. பாத்திரத்தில் துளி எண்ணெய்ப் பிசுக்கோ மஞ்சள் கருவோ இருந்தாலும் நுரைக்காது. வெள்ளையாகி, கரண்டியைத் தூக்கினால் முனை சாயாமல் நிற்கும்வரை அடியுங்கள்.

பயம் நியாயமானதுதான். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் சாப்பிடப்போகும் வீடென்றால் பச்சை முட்டை வேண்டாம். பேக்கிங் சாமான் விற்கும் கடைகளில் மெரிங் பவுடர், அதாவது காய வைத்துப் பொடித்த வெள்ளைக்கரு, கிடைக்கும். மூன்று டேபிள்ஸ்பூன் பவுடர், 450 கிராம் ஐசிங் சுகர், ஐந்தாறு டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் என்று அடித்தால் அதே பலன். பாஸ்சரைஸ் செய்து அட்டைப்பெட்டியில் விற்கும் வெள்ளைக்கருவும் ஆகும்.

பதம் இரண்டு வகை. ஒட்டுவதற்குப் பற்பசை போலக் கெட்டி. பூவேலைக்குச் சில துளி தண்ணீர் சேர்த்துக் கொஞ்சம் தளர்த்தி. கிண்ணத்தின்மேல் எப்போதும் ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள், பத்து நிமிடத்தில் மேலே ஏடு கட்டிவிடும். பிழிய தனிக் கருவி எதுவும் வேண்டாம். மருதாணிக் கோன் சுற்றத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த கலை. அதே போல பேக்கிங் தாளில் கோன் சுற்றி, நிரப்பி, நுனியைக் கத்தரியுங்கள்.

சுவர்களை எந்த வரிசையில் நிறுத்த வேண்டும்?

நிறுத்துவதற்கு முன்னால் கோலம். ஜன்னல் சட்டம், கதவு, செங்கல் கோடு, கொடி, பூ எல்லாவற்றையும் சுவர் மேசையில் படுத்திருக்கும்போதே போட்டுவிடுங்கள். நின்ற சுவரில் ஐசிங் வழியும், கையும் நடுங்கும். தரையில் கோலம் போடுகிற நமக்கு இதைச் சொல்லவே வேண்டாம். குறைந்தது இரண்டு மணி நேரம் காயட்டும்.

அப்புறம் அலுமினியத் தாள் சுற்றிய கனமான அட்டையோ மரப்பலகையோ எடுத்து, அதில் ஐசிங்கால் கோடு போட்டு, முதலில் பின்சுவரையும் ஒரு பக்கச் சுவரையும் எல் வடிவில் நிறுத்துங்கள். பக்கச் சுவர்கள் முகப்புக்கும் பின்சுவருக்கும் உள்ளே அமைய வேண்டும். இரண்டு பக்கமும் கனமான டம்ளரோ பருப்பு டப்பாவோ முட்டுக்கொடுங்கள். பத்து நிமிடம் கழித்து அடுத்த பக்கச் சுவர், கடைசியில் முகப்பு. எல்லா மூலைகளிலும் உள்பக்கமாகத் தாராளமாக ஐசிங் பூசுங்கள், வெளியே தெரியாது. அவ்வளவுதான், விளக்கை அணைத்துவிட்டுப் போய்த் தூங்குங்கள். கூரை நாளைக்கு.

கூரை சறுக்கிக்கொண்டே இருக்கிறதே?

மூன்று விஷயம் பாருங்கள். சுவர் ஓர் இரவு காய்ந்ததா? ஐசிங் கெட்டியாக இருக்கிறதா? கூரைக்குக் கீழே முட்டு இருக்கிறதா? தாழ்வாரத்துக்குச் சரியான உயரத்தில் இரண்டு பக்கமும் டம்ளரை வைத்தால் கூரை அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பலகையையும் ஒரே நேரத்தில் வைத்து, உச்சியில் தடியாக ஐசிங் கோடு போட்டு, ஐந்து நிமிடம் கையால் பிடித்திருங்கள். மூன்று நாலு மணி நேரத்துக்கு முட்டுக்கொடுத்த டம்ளரை எடுக்காதீர்கள். கனமான மிட்டாய்களை மறுநாள்தான் கூரையில் ஏற்ற வேண்டும்.

கண்ணாடி ஜன்னல் எப்படி வருகிறது?

எல்லோரும் வியப்பது இதைத்தான், செய்வது மிகச் சுலபம். ஒளி ஊடுருவும் கெட்டி மிட்டாயை உறைக்குள் வைத்து உடைத்துத் தூளாக்குங்கள். சுவர் வெந்து முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது தட்டை வெளியே எடுத்து, ஜன்னல் ஓட்டையில் தூளை நிரப்பி மறுபடி உள்ளே வையுங்கள். உருகிப் பரவிக் கண்ணாடியாகும். குமிழி வரத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். முழுக்க ஆறும்வரை தாளைவிட்டுத் தூக்கக் கூடாது. மஞ்சளும் ஆரஞ்சும் வைத்தால் உள்ளே விளக்கு எரிவது போலவே இருக்கும். ஈரமான ஊர்களில் இந்தக் கண்ணாடி சில நாட்களில் கசியும், அங்கே ஜெலட்டின் தாளை உள்பக்கம் ஒட்டுவது நல்லது.

உள்ளே மெழுகுவர்த்தி வைக்கலாமா?

கூடவே கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் ஒருபுறம், சூட்டில் மிட்டாயும் வெண்ணெயும் இளகும் என்பது இன்னொருபுறம். பேட்டரியில் எரியும் சின்ன எல்.இ.டி. சரவிளக்கைப் பின்சுவர் ஓட்டை வழியாக உள்ளே விடுங்கள், பேட்டரிப் பெட்டி வெளியே இருக்கட்டும்.

அலங்காரத்துக்கு எந்தெந்த மிட்டாய்?

நிறம் பூசிய சாக்லேட் பொத்தான், ஜெல்லி, கம்பு மிட்டாய் எல்லாம் இங்கே போடுவார்கள். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. சோம்பு மிட்டாய் கூரையில் தூவ அழகு. பாதாம் சீவல் அடுக்கினால் ஓடு வேய்ந்தது போலிருக்கும். பட்டைச் சுருள் விறகுக்கட்டு, நட்சத்திர அன்னாசிப்பூ கதவு மாலை, உலர்ந்த தேங்காய்ப்பூ பனி. ஈரமுள்ள எதையும், குறிப்பாகப் பழ ஜாமையும் ஜீராவில் ஊறியதையும், பிஸ்கட்டின்மேல் வைக்க வேண்டாம்.

என் தனிப்பட்ட ருசி: கூரை நிறைய மிட்டாயை அப்பிய வீட்டைவிட, பழுப்புச் சுவரில் வெள்ளைக் கோடு மட்டும் ஓடும் வீடு எனக்கு அழகு. பிஸ்கட்டின் நிறம் தெரிய வேண்டும். தாழ்வாரத்து ஓரத்தில் ஐசிங்கைப் பிழிந்து, அழுத்தத்தை விட்டுக் கீழே இழுத்தால் பனிக்கூர் தொங்கும். இந்த ஒரு வேலையை மட்டும் செய்தாலும் வீடு குளிர்காலத்துக்குள் போய்விடும்.

எத்தனை வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம்?

மூன்று வயதுக் குழந்தை தூவும், ஒட்டும், பாதியைத் தின்னும். ஆறேழு வயதில் கோன் பிடிக்கலாம். பத்து வயதில் அளந்து வெட்டலாம். ஓவனும் கத்தியும் பெரியவர் கையில். குழந்தை போட்ட கோணல் கோட்டை அது தூங்கியபின் திருத்தாதீர்கள் அக்கா, காலையில் அதற்குத் தெரிந்துவிடும்.

நமுத்துப் போகாமல், எறும்பு வராமல் எப்படிக் காப்பது?

நார்வேயில் வெளியே எவ்வளவு மழையானாலும் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுவதால் காற்று வறண்டிருக்கும், வீடு வாரக்கணக்கில் நிற்கும். சென்னை டிசம்பரில் அந்த வசதி இல்லை. சர்க்கரையும் பாகும் காற்றின் ஈரத்தை உறிஞ்ச, சுவர் மெதுவாக இளகும், கூரை நடுவில் தொய்யும். அடுக்களையிலிருந்து தள்ளி, ஏ.சி. ஓடும் அறையில் வையுங்கள். இரவில் பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடலாம். சுவர்களின் உள்பக்கம் உருக்கிய சாக்லேட்டை மெல்லப் பூசிக் காயவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து ஈரம் ஏறுவது குறையும். சுவரைக் கொஞ்சம் கனமாக, 6 மில்லிமீட்டராகச் செய்வதும் நல்லது.

எறும்புக்குப் பாட்டி வைத்தியம்தான். தண்ணீர் ஊற்றிய அகலத் தாம்பாளத்தின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் பலகையை வையுங்கள். பலகை சுவரையோ திரைச்சீலையையோ தொடக் கூடாது.

பேர்கனில் ஜிஞ்சர்பிரெட் நகரமே இருக்கிறதாமே?

இருக்கிறது. பெப்பர்காக்கெபியன் என்று பெயர், 1991 முதல் நடக்கிறது. நவம்பர் நடுவில் திறந்து ஆண்டு முடியும் வரை இருக்கும். உலகின் மிகப் பெரிய ஜிஞ்சர்பிரெட் நகரம் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மழலையர் பள்ளிகள், பள்ளிக்கூடங்கள், குடும்பங்கள், கடைக்காரர்கள் எல்லோரும் சுட்டுக் கொண்டுவந்து தரும் வீடுகள் அவை. மலை, துறைமுகம், ரயில், கப்பல், தேவாலயம் எல்லாம் உண்டு. இருட்டிய மண்டபத்தில் ஆயிரக்கணக்கான குட்டி ஜன்னல்கள் மின்னும். வெளியே ஆண்டில் 200 நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊர், உள்ளே வந்தால் சுக்கும் கிராம்பும் மணக்கும்.

2009 நவம்பரில் யாரோ உள்ளே புகுந்து அந்த நகரத்தை நொறுக்கிப் போட்டார்கள். குழந்தைகள் செய்த வீடுகள் அவை. செய்தி பரவியதும் ஊரே மறுபடி மாவு பிசைந்தது. புது வீடுகள் வந்து குவிந்தன, அந்த வருடமும் நகரம் திறந்தது. இதை இங்கே என் பக்கத்து வீட்டுப் பாட்டி எனக்குச் சொன்னபோது அவர் கண் கலங்கியது.

மிகப் பெரிய வீடு எது?

கின்னஸில் பதிவானது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் பிரையன் நகரில் 2013-இல் கட்டப்பட்டது. 60 அடி நீளம், 42 அடி அகலம், மனிதர்கள் உள்ளே நடக்கலாம். வெண்ணெய் மட்டும் 1,800 பவுண்டு, அதாவது 800 கிலோவுக்கு மேல். மருத்துவமனை ஒன்றுக்கு நிதி திரட்டக் கட்டினார்கள். சுவர்களுக்கு உள்ளே மரச்சட்டம் தாங்கியது.

எத்தனை நாள் வைக்கலாம்? கடைசியில் சாப்பிடலாமா?

அழகுக்கு ஒரு மாதம் வைக்கலாம். சாப்பிடுவதென்றால் ஒரு வாரம், பத்து நாளுக்குள். அதற்குமேல் தூசி படிந்துவிடும். அதனால்தான் மிச்ச மாவில் ஒரு தட்டு பிஸ்கட் தனியாகச் சுட்டுக்கொள்ளச் சொன்னேன். பிள்ளைகளின் கை கூரைப் பக்கம் போகாமல் இருக்க அதுவும் ஒரு வழி.

ஸ்வீடனில் ஜனவரி 13-ஆம் தேதி, கனூட் நாளில், கிறிஸ்துமஸ் மரத்தைக் கலைக்கும்போது வீட்டையும் உடைப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதே நாள்தான். விளக்குச் சரத்தை வெளியே இழுத்துவிட்டு, வீட்டை மேசை நடுவில் வைத்து, பூரிக்கட்டையை யார் கையில் கொடுப்பது என்று சீட்டுப் போடுவோம். போன முறை மகனுக்கு விழுந்தது. அவன் தங்கையைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகப் பிடித்துக் கூரையில் ஓங்கிப் போட்டார்கள். சுவர் நாலும் அசையாமல் நின்றன, இரண்டாம் அடி வேண்டியிருந்தது.